கிளிக்கூண்டே கல்லூரி

1830ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரின் ரீஜண்ட் பூங்காவில் விலங்கியற் கழகத்தார் மிருகக்காட்சிசாலையைத் திறந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கண்டவர் எல்லாம் அங்கே நுழைய முடியாது. கழக உறுப்பினர்களும், அவர்கள் தயவில் சீட்டுப் பெற்றவர்களுமே உலாவி வருவர். உயர்ந்த தொப்பியும் பட்டு அங்கியுமாக வரும் அந்தச் சீமான்களும் சீமாட்டிகளும் அவ்வாண்டில் கிளிகளைப் பார்த்துவிட்டு, கிளிக்கூண்டின் அருகில் இருந்த ஓர் இளைஞனையும் வேடிக்கை பார்த்தனர்.

இளைஞனுக்கு வயது 18. நெடிய உடல், பெரிய மூக்கு, அதன்மேல் மூக்குக் கண்ணாடி. கூண்டுக்காவலன் கிளியைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் சிறகை விரித்துக் காட்டுவான். இளைஞன் சிறகின் நீளத்தை அளப்பான், கால்விரலை அளப்பான், அலகின் வளைவை உற்று நோக்குவான். பிறகு பென்சில் ஓடும். கிளி அசைந்தால் பென்சில் நிற்கும். நிறத்தை மறந்துவிடக் கூடாதே என்று தாளின் ஓரத்தில் இங்கே பச்சை, இங்கே மஞ்சள் என்று குறிப்பு எழுதுவான். சில வேளை அந்த வண்ணத்தையே ஒரு சொட்டுத் தொட்டு வைப்பான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூட்டமாகச் சூழ்ந்து, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து நிற்கும்போது அவர்களையும் அவன் விட்டுவைக்கவில்லை. கிளி வரைந்த தாளின் ஓரத்திலேயே அவர்களுடைய முகங்களையும் கேலியாகக் கிறுக்கி வைத்தான். கூண்டுக்குள் இருப்பது யார், வெளியே இருப்பது யார் என்று பார்ப்பவருக்குச் சற்று ஐயம் வரும்.

அவன் எந்த ஓவியப் பள்ளியிலும் பயின்றவன் அல்லன். எந்த ஆசிரியரிடமும் கைகட்டி நின்றவனும் அல்லன். பெயர் எட்வர்டு லியர். நகைச்சுவைப் பாட்டுகள் எழுதியவர் என்று நம்மில் பலர் ஆங்கில வகுப்பில் அந்தப் பெயரைக் கேட்டிருப்போம். அந்தப் பாட்டுகளால்தான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது பாட்டுக்கார லியரைப் பற்றி அன்று. பென்சில் பிடித்த லியரைப் பற்றி.

1812ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இலண்டனுக்கு வடக்கே ஹாலோவே என்னும் இடத்தில் அவர் பிறந்தார். தந்தை பங்குத் தரகர். பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் இருபதுக்குக் குறையாது என்பர். பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோயினர். எட்வர்டு கடைசிப் பிள்ளைகளுள் ஒருவன். அவனுக்கு நான்கு வயது இருக்கும்போது தந்தைக்குப் பங்குச் சந்தையில் பெரும் இழப்பு நேர்ந்தது. வீடு கைமாறியது; குடும்பம் சிதறியது. தாய் அந்தச் சிறுவனைத் தன் மூத்த மகளிடம் ஒப்படைத்துவிட்டாள். அந்த அக்காளின் பெயர் ஆன். தம்பியைவிட அவள் 21 வயது மூத்தவள். திருமணமே செய்துகொள்ளாமல் அவனை வளர்த்தாள். அவனுக்கு அவளே தாய், அவளே பள்ளி. தாயின் மடியில் இருந்து இறக்கிவிடப்பட்ட அந்த வருத்தம் அவருக்கு முதுமையிலும் ஆறவில்லை. ஆயினும் ஆன் என்ற பெயரைச் சொல்லும்போது மட்டும் அது ஆறியதுபோல் இருந்திருக்க வேண்டும். 1861இல் அவள் இறக்கும் வரையில் எந்த நாட்டில் இருந்தாலும் அவளுக்கு நீண்ட நீண்ட கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார்.

வறுமையோடு நோயும் சேர்ந்தது. ஐந்து, ஆறு வயதிலேயே காக்கை வலிப்பு. அந்தக் காலத்தில் வலிப்பு நோயை வெளியே சொல்ல முடியாது. பேய் பிடித்தவன் என்று ஒதுக்கிவிடும் உலகம் அது. (இன்றும் நம் ஊர்களில் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பவர்கள் இல்லையா?) வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, எட்வர்டு தனியே ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வான். வாழ்நாள் முழுவதும் இப்படியே மறைத்தார். மிக நெருங்கிய நண்பர்களுக்கும் தெரியாது. நாட்குறிப்பில் மட்டும் வலிப்பு வந்த நாள்களில் ஒரு சிறு பெருக்கல் குறி இருக்கும். அந்தக் குறிகளை எண்ணிப் பார்த்தவர்கள் பின்னாளில்தான் உண்மையை அறிந்தனர். இதனோடு இரைப்பு நோய், அடிக்கடி வரும் மனச்சோர்வு, பிறவியிலேயே மங்கிய கண்பார்வை.

இத்தகைய பிள்ளையைப் பள்ளியில் நீண்ட நாள் வைத்திருக்க முடியவில்லை. ஆனும் இன்னோர் அக்காளான சாராவும் வீட்டிலேயே எழுத்துச் சொல்லிக் கொடுத்தனர். பூ, வண்ணத்துப்பூச்சி, பறவை இவற்றை வரையவும் கற்றுக் கொடுத்தனர். அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பப் பெண்களுக்குத் தெரிந்த அளவு ஓவியந்தான் அது. அதற்குமேல் அவனுக்குக் கிடைத்த பயிற்சி எதுவும் இல்லை.

15 வயது முடிந்ததும் சோற்றுக்கு வழி தேட வேண்டியதாயிற்று. ஆனும் தம்பியும் இலண்டனில் ஒரு சிறு வாடகை இடத்தில் குடியேறினர். எட்வர்டு கிடைத்த வேலையை எல்லாம் செய்தான். வழிப்போக்கர் தங்கும் விடுதி முற்றங்களில் படம் விற்றான். விசிறிகளிலும் மறைப்புத் திரைகளிலும் பூ வரைந்தான். அச்சிட்ட படங்களுக்கு வண்ணம் தீட்டினான். மருத்துவர்களுக்காக நோய் பிடித்த உறுப்புகளை உள்ளது உள்ளபடி வரைந்து கொடுத்தான். இந்தக் கடைசி வேலையை நாம் அருவருப்போடு கடந்துவிடலாம்; ஆனால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அழகாக இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சரியாக இருக்க வேண்டும் என்றே கேட்டனர். கண்டதை மட்டும் வரை, காணாததைச் சேர்க்காதே என்ற கட்டளைக்கு அந்தப் பிள்ளையின் கை அங்கேதான் பழகியிருக்க வேண்டும்.

பிறகு கிளிகள் வந்தன. 18 வயதில், கையில் பணம் இல்லாமல், பெயரும் இல்லாமல், கிளிக் குடும்பம் முழுவதையும் வரைந்து ஒரு பெரிய நூலாக வெளியிடுவது என்று லியர் துணிந்தார். இனி அவரை அவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலங்கியற் கழகம் 1830 ஜூனில் இசைவு கொடுத்தது. கையால் வண்ணம் தீட்டிய பெரிய தாள்கள். ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் அடி உயரம். 14 பகுதிகளாக வெளியிடுவது என்றும், 175 படிகளே அச்சிடுவது என்றும் திட்டம். அந்த ஆண்டு நவம்பரிலேயே முதற்பகுதி வந்துவிட்டது. ஒரே ஒரு பறவைக் குடும்பத்துக்கென்று தனி நூல் இங்கிலாந்தில் தோன்றியது அதுவே முதல்முறை என்பர்.

அச்சுக்கலையில் ஆர்வம் உள்ள மாணவர்களுக்காக இங்கே சற்று நின்று செல்கிறேன். அவர் கையாண்டது கல்லச்சு முறை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லின்மேல் கொழுப்புக் கலந்த பென்சிலால் வரைய வேண்டும். பிறகு கல்லை நனைத்தால், கோடு இல்லாத இடம் நீரை ஏற்கும்; கோடு உள்ள இடம் நீரைத் தள்ளிவிட்டு மையை மட்டும் பிடித்துக்கொள்ளும். தாளை வைத்து அழுத்தினால் படம் விழும். இதில் ஒரு தொல்லை: கல்லில் வலமாக இருப்பது தாளில் இடமாகும். எனவே எல்லாவற்றையும் திருப்பிப் போட்டே வரைய வேண்டும். பிழை நேர்ந்தால் தாளைப்போல் கிழித்துப் போடவும் முடியாது. பொதுவாக ஓவியர் தாளில் வரைந்து கொடுப்பார். கல்லில் பெயர்ப்பதற்கு வேறு ஆள் இருப்பார். அந்த ஆளுக்குக் கொடுக்கப் பணம் இல்லாததாலும், இன்னொருவர் கை பட்டால் கிளியின் உயிர் போய்விடும் என்ற எண்ணத்தாலும், லியர் அந்தத் தொழிலையும் கற்றுக்கொண்டு தாமே கல்லில் வரைந்தார். ஒரு படத்துக்கு 175 தாள் எடுத்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிட்டு அதன்மேல் அடுத்த கிளியை வரைவார். கற்களை அடுக்கி வைக்க வசதி ஏது?

அந்த நாளில் பறவைப் படம் வரைந்த பலர் உயிருள்ள பறவையைப் பார்த்தே வரைந்தவர்கள் அல்லர். தொலைநாடுகளில் இருந்து கப்பலில் வந்த பதப்படுத்திய தோலைப் பஞ்சடைத்து வைத்துக்கொண்டு வரைந்தனர். அமெரிக்கப் பறவைகளை வரைந்து அழியாப் புகழ் பெற்ற ஆடுபான்கூடப் பறவையைச் சுட்டு, கம்பியால் அதை நிமிர்த்தி நிறுத்தி வைத்தே வரைந்தார். லியர் கூடியவரையில் உயிருள்ள கிளியையே நாடினார். ஆகவேதான் அவருடைய கிளிகள் நம்மைத் திரும்பிப் பார்க்கின்றன. ஒன்று சிடுசிடுக்கிறது, ஒன்று தலையைச் சாய்த்து யோசிக்கிறது. ஒவ்வோர் இறகும் தனித்தனியே எண்ணத்தக்கதாக இருக்கிறது. ஆயினும் இறகுக் குவியலாகத் தோன்றவில்லை, ஒரு பிராணியாகத் தோன்றுகிறது.

அவற்றுள் ஒன்று பெரிய நீலப் பஞ்சவர்ணக்கிளி. தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. பலரும் அறிந்திருந்த கருநீலப் பஞ்சவர்ணக்கிளி அது என்றே லியர் எண்ணினார். அந்தப் பெயரையே அடியில் பொறித்தார். அந்தப் பெயரை இங்கே மறந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

புகழ் உடனே வந்தது. லின்னேயன் கழகம் அந்த இளைஞரைத் துணை உறுப்பினராக ஏற்றது. அரசி அடிலெய்டு நூலின் காணிக்கையை ஏற்றுக்கொண்டார். ஆனால் பணம் வரவில்லை. சந்தா செலுத்துவதாகப் பெயர் கொடுத்த பெரிய மனிதர்கள் படத்தை வாங்கிக்கொண்டு காசைத் தாமதித்தனர். அச்சுக்கூடத்துக்கும் வண்ணம் தீட்டுபவர்க்கும் தாமதம் சொல்ல முடியுமா? 12 பகுதிகளோடு, 42 படங்களோடு, 1832இல் நூல் நின்றது. 14 பகுதிகள் ஆகவில்லை. மாணவர் மலர் நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று.

மிஞ்சிய படிகளையும் உரிமையையும் ஜான் கூல்டு என்பவர் சிறு தொகைக்கு வாங்கிக்கொண்டார். கூல்டு பறவைத்தோல் பதப்படுத்துபவராகத் தொடங்கி, பறவை நூல் வெளியீட்டில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவர் தம் மனைவி எலிசபெத்தைக் கொண்டு படம் வரையச் செய்தார். அந்த அம்மையாருக்குத் துணையாகவும் வழிகாட்டியாகவும் லியர் வேலை செய்தார். கூல்டு வெளியிட்ட ஐரோப்பியப் பறவைகள் நூலில் உள்ள 448 படங்களுள் 68 லியர் கைப்பட்டவை. கொம்பன் ஆந்தையின் படத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் அவர் வரைந்த சில படங்களின் அடியில் கூல்டு தம்பதியர் பெயரே அச்சாகியிருப்பதை ஆய்வாளர்கள் பின்னாளில் எடுத்துக்காட்டினர். கூலி கொடுத்தவன் பெயரே நிற்பது அச்சுலகில் அன்றும் இருந்த வழக்கந்தான். லியர் அதை மறக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்துக் கூல்டு இறந்த செய்தி வந்தபோதும் அவர் அந்த மனிதரைப் பற்றி நல்ல சொல் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அவரை நான் குறை கூறமாட்டேன்.

இதற்கிடையில் ஒரு நல்ல மனிதரின் கண் அவர்மேல் விழுந்தது. விலங்கியற் கழகத் தலைவராக இருந்த ஸ்டான்லி பிரபு, பின்னர் 13ஆம் டார்பி பிரபு ஆனவர், லிவர்பூல் நகருக்கு அருகில் நோஸ்லி என்ற தம் மாளிகையில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்து வந்தார். பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாது; 1851இல் அவர் இறந்தபோது அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட பறவைகளும் முந்நூறுக்கு மேற்பட்ட விலங்குகளும் இருந்தன. அவற்றை வரைய அவர் லியரை அழைத்தார். 1830களின் பெரும்பகுதி அங்கே கழிந்தது. குரங்கு, மான், ஆமை, கொக்கு என்று வந்தவை எல்லாம் அவருடைய பென்சிலுக்குள் வந்தன. பல் மருத்துவரும் விலங்கியலாருமான தாமஸ் பெல் வெளியிட்ட ஆமை நூலுக்குக் கல்லில் வரைந்தவரும் லியரே.

நோஸ்லியில் நடந்த ஒரு செய்தியைப் பலரும் சொல்வதுண்டு. படம் வரைய வந்தவர் கூலிக்காரர் அல்லவா? எனவே தொடக்கத்தில் அவருக்கு உணவு கீழ்த்தளத்தில், மேற்பார்வையாளர் மேசையில். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளோ சாப்பாடு முடிந்ததும் முடியாததுமாகப் பெரியவர்களை விட்டு ஓடிவிடுவர். முதிய பிரபு எங்கே ஓடுகிறீர்கள் என்று விசாரித்தபோது, கீழே இருக்கும் ஓவியக்காரர் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார் என்று விடை வந்தது. பிள்ளைகளுக்கு நல்லவர் நமக்கும் நல்லவர் என்று எண்ணிய கிழவர், அவரை மேலே வரவழைத்துத் தம் மேசையிலேயே அமர்த்தினார். அந்தப் பிள்ளைகளுக்காகப் படத்தோடு எழுதிய கோமாளிப் பாட்டுகளே 1846இல் ஒரு சிறு நூலாக வெளிவந்தன. அதில் அவர் தம் பெயரைக்கூடப் போடவில்லை. புனைபெயர் ஒன்றில் மறைந்துகொண்டார்.

1836 அளவில் கண்கள் கைவிட்டன. வயது 24. மயிரிழை போன்ற கோடுகளை ஆண்டுக்கணக்காக உற்று உற்று வரைந்ததன் விலை அது. சிறு பறவைகளின் இறகு இனி அவருக்குத் தெளிவாகத் தெரியாது. எந்த வேலையில் அவருக்கு நிகர் அன்று இங்கிலாந்தில் இல்லையோ, அந்த வேலையை 25 வயதுக்குள் விட்டுவிட வேண்டியதாயிற்று. இரைப்புக்கும் இங்கிலாந்தின் ஈரக்குளிர் ஆகவில்லை. டார்பி பிரபு பொருளுதவி செய்தார். 1837இல் லியர் உரோமுக்குச் சென்றார். மலை, கடல், மரம், இடிந்த கோயில் இவை பெரியவை. மங்கிய கண்ணுக்கும் தெரிபவை. இயற்கைக் காட்சி ஓவியராக இரண்டாம் வாழ்க்கையைத் தொடங்கினார்.

அதன் விரிவை எல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. இத்தாலி, கிரேக்கம், அல்பேனியா, எகிப்து, பாலத்தீனம் என்று ஐம்பது ஆண்டுகள் அலைந்தார். 1846இல் அவருடைய இத்தாலியப் படநூலைக் கண்ட விக்டோரியா அரசியார் அவரை அழைத்து 12 பாடங்கள் கற்றுக்கொண்டார். அரண்மனை நடைமுறை அறியாத ஆசிரியர் அரசியின் முன்னால் கணப்பு அடுப்பின் அருகில் போய் நின்று குளிர்காய்வதும், அதிகாரி ஒருவர் ஏதேனும் சாக்குச் சொல்லி அவரை அப்பால் அழைப்பதுமாக இருந்ததாம். எதற்காக அழைக்கிறார் என்பது லியருக்குப் பிறகுதான் புரிந்ததாம்.

அரசிக்குப் பாடம் சொன்ன அந்த மனிதர், நான்கு ஆண்டுக்குள் என்ன செய்தார் தெரியுமா? இலண்டனில் உள்ள அரசு ஓவியக் கழகத்தின் பள்ளியில் மாணவராகச் சேர விண்ணப்பம் போட்டார். நுழைவுக்காகச் சிலையைப் பார்த்துப் படம் வரைந்து காட்டினார். 1850இல், 37 வயதில், மீசை அரும்பாத பிள்ளைகளோடு ஒரே பலகையில் அமர்ந்து அடிப்படைப் பாடம் பயின்றார். மனித உருவம் தமக்கு வராது, முறையான பயிற்சி தமக்கு இல்லை என்ற குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் அடைபடாமல் போனதே நன்று என்று வேறு சமயங்களில் அவர் மகிழ்ந்ததும் உண்டு. இரண்டும் ஒரே மனிதரின் எண்ணந்தான். இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கும். அந்தப் படிப்பை அவர் முடிக்கவில்லை. பிறகு தம்மைவிட 15 வயது இளையவரான ஹோல்மன் ஹண்ட் என்ற ஓவியரிடம் எண்ணெய் வண்ணம் கற்றுக்கொண்டு, அவரைத் தந்தை முறை வைத்து அழைத்து வந்தார்.

பெரிய பெரிய எண்ணெய் வண்ணப் படங்களை ஆண்டுக்கணக்கில் தீட்டினார். அவையே தமக்குப் புகழ் தரும் என்று நம்பினார். விற்பனைக்காகத் தவித்தார். என் கண்ணுக்கு அவற்றுள் பல சற்றுச் சோர்வாகவே தோன்றுகின்றன. அந்தப் படங்களுக்கு முன்னால், அந்தந்த இடத்திலேயே, பென்சிலால் விரைந்து எழுதிய கோட்டுப் படங்கள் இருக்கின்றனவே, அவைதாம் உயிரோடு இருக்கின்றன. அவற்றிலும் பழைய கிளிக்கூண்டுப் பழக்கம் மாறவில்லை. நாள், நேரம், வரிசை எண், எந்த இடத்தில் என்ன நிறம் என்று எல்லாம் தாளின்மேலேயே எழுதியிருப்பார். எழுத்துப் பிழையை வேண்டுமென்றே செய்து விளையாடியிருப்பார். மாலையில் விடுதிக்குத் திரும்பியபின் பென்சில் கோட்டின்மேல் மையிட்டு, நீர்வண்ணம் பூசி வைப்பார்.

விட்டுப்போன பறவைகள் அவரை முற்றும் விடவில்லை. ஆந்தையும் கூழைக்கடாவும் கிளியும் அவருடைய பாட்டுகளுக்குள் குடிபுகுந்தன. தம்மைத் தாமே கேலியாக வரையும்போதும், உருண்ட உடலும் மெலிந்த காலுமாக ஒரு பறவையைப்போலவே வரைந்துகொண்டார்.

அந்தப் பென்சில் நம் நாட்டுக்கும் வந்தது. அவருடைய நண்பரான நார்த்புரூக் பிரபு 1872இல் இந்தியாவின் வைசிராய் ஆனார். செலவைத் தாம் ஏற்பதாகச் சொல்லி லியரை அழைத்தார். அந்த ஆண்டே புறப்பட்டவர் சூயஸ் வரை வந்து, மனம் சலித்துத் திரும்பிவிட்டார். மறு ஆண்டு மீண்டும் புறப்பட்டு 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கினார். வயது 61. கூட வந்தவர் ஜியோர்ஜியோ என்ற பணியாளர். கிரேக்க மொழி பேசும் அந்த மனிதர் 1856 முதல் அவருடனேயே இருந்தார். சமையல் செய்வார், மூட்டை சுமப்பார், வலிப்பு நோயாளியின் தனிமைக்கும் துணையாக இருப்பார்.

இலக்னோ, காசி, கல்கத்தா, டார்ஜிலிங், ஆக்ரா, தில்லி, சிம்லா என்று வடக்கே சுற்றியபின் 1874இல் தெற்கே வந்தார். சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், குன்னூர், உதகமண்டலம் ஆகிய நம் ஊர்கள் அவருடைய பயணத்தில் உண்டு. அங்கிருந்து மலையாளக் கரைக்கும், பிறகு இலங்கைக்கும் சென்றார். ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்கு அந்தப் பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போதே ஏதோ செய்கிறது. உடம்பு நோகிறது, உணவு சரியில்லை, வண்டி குலுக்குகிறது, துரைமார் விருந்து சலிப்புத் தருகிறது என்று நாள்தோறும் குறைபட்டார். ஒரு பனையைக் கண்டதும் எல்லாக் குறையையும் மறந்து வரைய உட்கார்ந்தார். ஓர் ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் எழுதிய கோட்டுப் படங்கள் இரண்டாயிரத்துக்குக் குறையா. அந்தப் பயணத்தின் நாட்குறிப்பும், படங்களுள் பெரும்பகுதியும் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

விளையாட்டும் விடவில்லை. 1874இல் பம்பாய்ச் செய்தித்தாள் ஒன்றில் அவருடைய பாட்டு ஒன்று வெளியாயிற்று. இங்கிலீஷ்காரர் வீட்டில் வழங்கிய இந்துஸ்தானிச் சொற்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, பொருளை மட்டும் தலைகீழாக்கினார். தோபி என்பது உட்காரும் பொருளாயிற்று; இடுப்பில் கட்டும் கச்சை ஆளை விழுங்கும் பூதமாயிற்று. நம் மொழிச் சொல்லைக் கேலி செய்கிறாரே என்று முதலில் எனக்குச் சினம் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தால், பொருள் தெரியாமலே அதிகாரம் செய்த துரைமாரின் நாக்கைத்தான் அவர் கேலி செய்தார் என்று தோன்றுகிறது. நண்பர்கள் மாறுபடலாம்.

இலங்கையில் ஜியோர்ஜியோ கடுமையான வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். லியரும் முதுகு நோவால் வருந்தினார். 1875 சனவரியில் இருவரும் கப்பலேறினர்.

எஞ்சிய காலத்தை இத்தாலியில் சான் ரெமோ என்ற கடற்கரை ஊரில் கழித்தார். அங்கே கட்டிய வீட்டின் எதிரே ஒரு பெரிய விடுதி எழும்பி ஓவிய அறையின் வெளிச்சத்தை மறைத்துவிட்டது. விடுவாரா? வேறு மனை வாங்கி, அதே அமைப்பில் இன்னொரு வீடு கட்டினார். வளர்த்த பூனை ஃபாஸ் புது வீட்டில் வழி தெரியாமல் திகைக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. 1883இல் ஜியோர்ஜியோ இறந்தார். 1887இல் பூனையும் போயிற்று. 1888 சனவரி 29ஆம் நாள் லியர் காலமானார். தொலைவில் இருந்த பழைய நண்பர்கள் இறுதிச் சடங்குக்கு வந்து சேர முடியவில்லை. அவருடைய கல்லறைக் கல்லின் அருகில், ஜியோர்ஜியோவின் நினைவாக நாட்டிய கல்லும் நிற்கிறது.

இனி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த நீலக்கிளி. நெப்போலியனின் தம்பி மகனும் பறவை நூலாருமான சார்லஸ் லூசியன் போனபார்ட் 1856இல் இந்த இனத்தை ஆராய்ந்தார். பெரிய கருநீலக் கிளி வேறு, இது வேறு என்று கண்டார். இது அளவில் சிறியது. தலையில் பச்சை சாயல். அலகின் அருகில் உள்ள மஞ்சள் தோல் பிறைபோல் இல்லாமல் கண்ணீர்த் துளிபோல் இருக்கும். பெயர் தவறாகப் போட்டிருந்தாலும், லியர் இத்தனையையும் 25 ஆண்டுக்கு முன்பே படத்தில் சரியாக வரைந்து வைத்திருந்தார். கண் கண்டதைக் கை மாற்றவில்லை. போனபார்ட் அந்தக் கிளிக்கு லியரின் பெயரையே சூட்டினார்.

ஆயினும் அது எங்கே வாழ்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கூண்டில் வந்த ஒன்றிரண்டைத் தவிரக் காட்டில் கண்டவர் இல்லை. அது தனி இனமே அன்று, கலப்பாக இருக்கலாம் என்று கூறியவர்களும் உண்டு. நூறாண்டுக்கு மேல் சென்று, 1978இல் ஹெல்முட் சிக் என்ற பறவையியலார், பிரேசிலின் வடகிழக்கே பாஹியா மாநிலத்தின் முட்காட்டில் அதைக் கண்டுபிடித்தார். செம்மணற்கல் பாறைகளின் பொந்துகளில் கூடு. ஒருவகைப் பனையின் சிறு கொட்டைகளே உணவு. அப்போது எஞ்சியிருந்தவை சில பத்துகளே. பிரேசில் நாட்டார் அந்தப் பனைகளையும் பாறைகளையும் காத்து வந்ததால் இன்று அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. விடியற்காலையில் பாறைகளை விட்டுக் கூட்டமாகப் பறந்து, பனைகளைத் தேடிச் செல்கின்றன.